சுரங்கப்பாதை திறந்த பின்னும் ரோத்தாங் கணவாய்க்கு ஏறிச் செல்ல வேண்டுமா?

மதுரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மூன்றாவது வாரத்தில் என் தாயார், மனைவி, ஒன்பது வயது மகள் ஆகியோருடன் ஹிமாச்சலிலுள்ள மணாலிக்குச் செல்கிறேன். அங்கே நான்கு இரவுகள் தங்குகிறோம். தாயாருக்கு வயது 62. ரோத்தாங் கணவாயைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். என் தந்தையார் ராணுவத்தில் இருந்த காலத்தில் அந்த வழியாக லடாக்கிலுள்ள லே நகருக்குச் சென்றிருக்கிறார். லாரியில் அந்த வளைவுகளை ஏறியதைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தைத் தாயார் இன்னும் வைத்திருக்கிறார்.

நாங்கள் பேசி வைத்திருக்கும் வாடகைக் கார் ஓட்டுநரோ, கணவாய்க்குப் போவதால் பயனில்லை என்கிறார். மலைக்கு அடியில் செல்லும் அடல் சுரங்கப்பாதை வழியாகக் கால் மணி நேரத்தில் மறுபுறம் சென்று விடலாம், சிஸ்ஸுவில் அருவியும் ஆறும் இருக்கின்றன, கணவாய்க்கு அனுமதிச் சீட்டு வாங்கி நெரிசலில் நிற்பது வீண் என்பது அவர் வாதம். சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தில்லித்தமிழ் எழுதியது:

மதுரை அண்ணனுக்கு வணக்கம். நான் இந்தக் கணவாய்க்கு ஐந்து முறை சென்றிருக்கிறேன். அவற்றுள் மூன்று பயணங்கள் சுரங்கப்பாதை திறப்பதற்கு முந்தையவை. ஓட்டுநர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, மலைக்கு மறுபுறமுள்ள லாஹௌல் பள்ளத்தாக்குக்கோ லேவுக்கோ செல்பவர் எவரும் கணவாயில் ஏறியாக வேண்டிய கட்டாயம் இல்லை. 9.02 கி.மீ. நீளமுள்ள அந்தச் சுரங்கம் மணாலிக்கும் லேவுக்கும் இடையிலான தொலைவில் 46 கி.மீ. குறைத்து விட்டது. மறுபுறம் சென்று சேர்வது மட்டுமே நோக்கம் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆனால் உங்கள் தாயார் பார்க்க விரும்புவது மறுபுறத்தை அன்று, கணவாயை. சுரங்கத்தின் தெற்கு வாயில் 3,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாயின் உச்சியோ 3,978 மீட்டர். இடையில் இருக்கும் தொள்ளாயிரம் மீட்டரில்தான் பார்க்க வேண்டியவை அனைத்தும் இருக்கின்றன என்பேன். மணாலியிலிருந்து பியாஸ் ஆற்றின் கரையோடு வந்து, பல்சான் என்னும் இடத்தில் சோலாங் செல்லும் பாதையை விட்டுப் பிரிந்து கோட்டி கிராமத்தைத் தாண்டும்போது தேவதாரு மரங்கள் சாலையின் இருபுறமும் அடர்ந்து நிற்கும். குலாபாவில் அனுமதிச் சீட்டைச் சரிபார்ப்பார்கள். அதற்கு மேலே தேவதாரு குறைந்து, வெண்ணிறப் பட்டை உரிந்து தொங்கும் பூர்ஜ மரங்கள் தென்படும். பிறகு அவையும் நின்றுபோய் வெறும் புல்வெளி வரும். ராஹலா அருவியையும் மர்ஹியையும் கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, சற்று முன் நாம் கடந்து வந்த சாலையே காலடியில் நூல் சுருள்போலக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரே காலை நேரத்தில் காடு, புதர், புல், பாறை, பனி என்று ஒவ்வொன்றாக விலகிப் போவதைக் கண்ணால் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருந்திருக்கிறது.

உச்சி என்றவுடன் கூர்மையான முகட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு மலைகளுக்கு நடுவே குதிரைச் சேணம்போல அகன்று கிடக்கும் வெளி அது. அதன் வடக்கு விளிம்பு வரை நடந்து செல்லுங்கள். பெரும்பாலான பயணிகள் வாகனம் நின்ற இடத்திலேயே பனியில் படம் எடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள், அது பெரிய இழப்பு. அந்த விளிம்பில் நின்றால் எதிரே சோனாபானி பனியாறும், லாஹௌல் மக்கள் தெய்வமாகப் போற்றும் கேபாங் மலையின் இரட்டைச் சிகரங்களும், கீழே சந்திரா ஆற்றின் சாம்பல் நிறப் படுகையும் தெரியும். முதுகுக்குப் பின்னால் குலு பள்ளத்தாக்கின் பச்சை, முகத்துக்கு எதிரே மரமே இல்லாத பழுப்பு.

சிவகங்கைச்செல்வி எழுதியது:

தில்லி அண்ணன் எழுதியிருப்பது அழகாக இருக்கிறது என்றாலும், மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் சென்றது ஒரு மே மாத இறுதியில். மர்ஹிக்கு மேலே ராணி நாலாவுக்கு அருகே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாகனங்கள் நகரவில்லை. சாலையோரப் பனிச்சுவர் வெண்மையாக இல்லை. அதன்மேல் கரித்தூள் படிந்திருந்தது. கையால் தொட்ட என் தங்கையின் வெள்ளைக் கையுறை கறுத்துப் போயிற்று.

வெண்பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்த பனியோ அந்த வெப்பத்தை உள்வாங்கி விரைவாக உருகும். இந்த அபாயத்தைக் கருதித்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த விஷயத்தில் தலையிட்டது. 2015-இல் வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பெட்ரோல் வாகனங்கள் 800, டீசல் வாகனங்கள் 400 என்பது பின்னர் நடைமுறைக்கு வந்த கணக்கு. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. பனி ஸ்கூட்டர், குதிரைச் சவாரி போன்றவையும் தடை செய்யப்பட்டன. வெறும் பார்வைக்காக நாம் ஒவ்வொருவரும் ஒரு வாகனத்தை அங்கே ஏற்றத்தான் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பனி உருகி ஓடும் நீரைத்தான் கீழேயுள்ள ஊர்கள் குடிக்கின்றன.

தில்லித்தமிழ் எழுதியது:

தங்கையின் கவலை முழுக்க நியாயமானது. அந்த வரம்பை நான் ஆதரிக்கிறேன். என்னைக் கேட்டால் இன்னும் குறைக்கலாம் என்றுகூடச் சொல்வேன். அதே நேரத்தில், சுரங்கப்பாதை வந்ததால் கணவாய்க்கு ஒரு நன்மை விளைந்திருப்பதையும் சொல்ல வேண்டும். முன்பு லேவுக்குச் செல்லும் சரக்கு லாரிகள், எண்ணெய் டேங்கர்கள், ராணுவ வாகன வரிசைகள் அனைத்தும் இதன்மேல் ஏறியே சென்றன. இன்று அவற்றின் பாதை சுரங்கம். ஒரு காரில் ஐந்து பேர் செல்வதைவிட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்து கிடைக்குமானால் அதில் செல்வது மேலானது. 2017-இல் இந்தத் தடத்தில்தான் அவை முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டன.

புவியியல்_ஆசிரியை எழுதியது:

இழையை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். பார்வைக்காக மட்டும் செல்ல வேண்டுமா என்று சகோதரி செல்வி கேட்டதால், அங்கே பார்க்க வேண்டியது எது என்பதை ஓர் ஆசிரியையாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ரோத்தாங் பீர் பஞ்சால் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று இந்தத் தொடரில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, தன்னிடமுள்ள மழையின் பெரும்பகுதியைக் குலு பக்கத்திலேயே பொழிந்துவிடும். மறுபுறத்துக்கு எஞ்சுவது மிகக் குறைவு. வகுப்பில் மழைமறைவுப் பகுதி என்று கரும்பலகையில் படம் வரைந்து ஆண்டுதோறும் நடத்துகிறோம். அந்தப் படத்தின் உச்சிக்கோட்டில் நின்றபடி இரண்டு பக்கத்தையும் தலையைத் திருப்பியே பார்த்துவிடக்கூடிய இடங்களில் இது ஒன்று. சுரங்கம் வழியாகச் சென்றாலும் இருபுறத்து வேறுபாடு தெரியும். ஆனால் அது ஏன் நேர்ந்தது என்பது மலைமேல் நின்றால்தான் புரியும்.

நீரின் கதை இதைவிடச் சுவையானது. கணவாயின் உச்சியில் வியாச முனிவர் பெயரால் ஒரு சிறு கோயிலும் நீர்க்குண்டமும் இருக்கின்றன. பியாஸ் நதியின் தோற்றுவாய் என்று மரபு போற்றும் இடம் அது. சோலாங் பள்ளத்தாக்குக்கு மேலேயும் பியாஸ் குண்டம் என்ற பெயரில் ஓர் ஏரி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய நூல்கள் இந்நதியை விபாசா என்கின்றன. புதல்வர்களை இழந்த துயரம் தாளாத வசிஷ்டர் தம்மைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்தபோது ஆறு அவருடைய கட்டுகளை அவிழ்த்துக் கரை சேர்த்தது என்றும், அதனால்தான் அந்தப் பெயர் என்றும் மகாபாரதம் கூறுகிறது. மணாலிக்கு அருகே அவர் பெயரிலேயே வெந்நீர் ஊற்றுகளுள்ள ஓர் ஊர் இருக்கிறது. கி.மு. 326-இல் அலெக்சாந்தரின் படை மேற்கொண்டு நடக்க மறுத்து நின்றதும் இதே நதியின் கரையில்தான்.

உச்சிக்குத் தெற்கே விழும் துளி பியாசில் சேர்ந்து, பஞ்சாபின் ஹரிகே என்னுமிடத்தில் சட்லெஜுடன் கலக்கிறது. வடக்கே விழும் துளி சந்திரா ஆற்றில் இறங்கி, தாண்டி என்னும் ஊரில் பாகா ஆற்றோடு சேர்ந்து செனாப் ஆகிறது. 1960-இல் கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தத்தின்படி பியாஸ் இந்தியாவுக்கும் செனாப் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கப்பட்டன. ஆனால் நிலத்தின் அமைப்பு அவற்றைப் பிரித்தபடியே விட்டுவிடவில்லை. செனாபும் சட்லெஜும் பாகிஸ்தானில் ஒன்றுகூடிப் பஞ்சநத் என்ற பெயருடன் சிந்துவில் விழுகின்றன. ஒரு சேணத்தின் இரு சரிவுகளில் சில நூறு அடி இடைவெளியில் பிரிந்த நீர், நெடுந்தொலைவு சுற்றி மீண்டும் சந்திக்கும் படுகை இது. உங்கள் மகளுக்கு இதை அங்கே நிற்கும்போது சொல்லுங்கள், மதுரை ஐயா. என் மாணவிகளுக்கு இதைப் படத்தில் காட்டத்தான் என்னால் முடிகிறது.

மதுரைவாசி எழுதியது:

ஆசிரியை அம்மா, மிக்க நன்றி. உங்கள் பதிவை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். வியாசர் கோயில் இருப்பதைக் கேட்டபின் சுரங்கம் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இனி எனக்கு எஞ்சியிருப்பது அச்சம் மட்டும்தான். அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. மாத்திரையில் கட்டுக்குள் உள்ளது. அந்த உயரத்தை அவரும் குழந்தையும் தாங்குவார்களா?

திருச்சி_மருத்துவர் எழுதியது:

தங்கள் தாயாரைப் பரிசோதித்து வரும் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். இங்கே நான் சொல்வது பொதுவானது.

ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குள் போகும் அளவு குறைகிறது. மணாலி சுமார் 2,050 மீட்டரில் இருக்கிறது. நீங்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் 1,900 மீட்டருக்கு மேல் ஏறப்போகிறீர்கள். அங்கேயே இரவு தங்குவதாக இருந்தால் இந்த வேகம் ஆபத்தானது. ஓரிரு மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடுவதால்தான் பெரும்பாலானோருக்குத் தீங்கு நேர்வதில்லை. உயர நோயின் தலைவலியும் குமட்டலும் பொதுவாக ஏறியவுடன் வருவதில்லை, சில மணி நேரம் கழித்துத்தான் தோன்றும். எனவே உச்சியில் நன்றாக இருந்தவர் மாலையில் விடுதியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வியப்படைய வேண்டாம்.

மணாலி சேர்ந்த மறுநாளே ஏறாமல் மூன்றாம் நாள் செல்லுங்கள். உச்சியில் வேகமாக நடப்பதும் பனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கூடாது. உங்கள் தாயாருக்கு மூச்சு வாங்குதல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், ஓய்வெடுத்தும் தீராத தலைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் கீழே இறக்குங்கள். இறங்குவதைவிடச் சிறந்த மருந்து இதற்கு இல்லை. உயர நோய்க்கு முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரை உண்டு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் கடையில் தாமாக வாங்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை அன்று காலையிலும் தவறாமல் கொடுங்கள்.

மணாலியைவிட அங்கே ஏறத்தாழ பன்னிரண்டு டிகிரி குளிர் அதிகமாக இருக்கும், காற்று வேறு. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பனி வெயிலை எதிரொளிப்பதால் கண் பழுதுபடும். நால்வருக்கும் நல்ல கறுப்புக் கண்ணாடி அவசியம், குழந்தைக்குக் கட்டாயம்.

கொங்குப்பயணி எழுதியது:

அனுமதிச் சீட்டு பற்றி எவரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். ஹிமாச்சல் அரசின் இணையதளத்தில் வாகனத்தின் பதிவு எண்ணைக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். நாள்தோறும் எண்ணிக்கை வரம்பு இருப்பதால் ஜூன் மாதத்தில் விரைவில் தீர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமைகளில் சாலைப் பராமரிப்புக்காகக் கணவாய் சுற்றுலாவுக்கு மூடப்பட்டிருக்கும். உங்கள் நான்கு நாள்களில் செவ்வாய் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வாகன ஏற்பாட்டாளர் ஒருவர் எங்களிடம் அனுமதிக்கென்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். காலையில் வந்த கார் எங்களைக் கோட்டியைத் தாண்டிச் சிறிது தூரம் அழைத்துச் சென்று, சாலையோரம் எஞ்சியிருந்த ஒரு பனித்திட்டைக் காட்டி இதுதான் பனிப்பகுதி என்று நிறுத்தியது. மேலே போக வேண்டும் என்று வற்புறுத்தியபோதுதான் அந்த வண்டிக்கு அனுமதியே வாங்கப்படவில்லை என்பது தெரிந்தது. என் மகன் அன்று முழுவதும் பேசவில்லை. முதல் நாள் இரவே சீட்டைக் கையில் வாங்கி, அதில் இருக்கும் எண்ணும் காரின் எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே சரிபாருங்கள்.

வழியில் வாடகைக்குக் கிடைக்கும் கம்பளி உடையும் ரப்பர் காலணியும் ஈரமாகவே இருக்கும். வீட்டிலிருந்து எடுத்துச் செல்வது நல்லது.

தில்லித்தமிழ் எழுதியது:

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு முன் மணாலியை விட்டுக் கிளம்புங்கள். நெரிசல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்று. நண்பகலுக்குப் பிறகு இந்தக் கணவாயில் காற்று திடீரென வலுக்கும், மேகம் மூடும். கால்நடையாகக் கடந்த காலத்தில் உச்சியை முற்பகலிலேயே தாண்டிவிட வேண்டும் என்பதை எழுதாத சட்டமாகவே வைத்திருந்தார்கள். ரோத்தாங் என்ற பெயருக்குப் பிணக்குவியல் என்று பொருள் சொல்வது வழக்கம். சாலை வருவதற்கு முன் பனிப்புயலில் சிக்கி எத்தனை பேர் அங்கே கிடந்தார்கள் என்பதை அந்தப் பெயரே தாங்கி நிற்கிறது.

சிவகங்கைச்செல்வி எழுதியது:

அண்ணன் சொன்ன இந்தப் பெயர் விளக்கத்தை வைத்துத்தான் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நமக்குக் கணவாய் ஒருநாள் காட்சி. லாஹௌல் மக்களுக்கோ நவம்பர் முதல் ஏப்ரல், மே வரை மூடிக்கிடந்த கதவு அது. அந்த மாதங்களில் பிரசவமோ நோயோ என்றால் வானிலை பார்த்து ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பனியில் நடந்து கடக்க வேண்டும். அப்படி நடப்பவர்களுக்காகவே மர்ஹியிலும், மறுபுறம் கோக்ஸரிலும் குளிர்கால மீட்புச் சாவடிகளை அரசு நடத்தியது.

சுரங்கத்துக்கு 2010-இல் அடிக்கல் நாட்டினார்கள். சேரி நாலா என்ற ஓடைக்குக் கீழே பாறை நொறுங்கி, நீர் பீறிட்டு, சில நூறு மீட்டர் தோண்டுவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். இரு முனைகளும் சந்தித்தது 2017 அக்டோபரில். அந்தச் சுரங்கத்தைக் குறுக்குவழி என்று மட்டும் நினைத்துக் கடந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அதையும் பாருங்கள், மதிப்போடு பாருங்கள். கணவாய்க்குச் செல்லவே வேண்டாம் என்ற என் முதல் கருத்தைத் தாயாரின் விருப்பத்தை அறிந்த பிறகு மாற்றிக்கொள்கிறேன்.

தில்லித்தமிழ் எழுதியது:

தங்கை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். வடக்குச் சரிவில் சாலை திறந்திருந்து, உங்கள் அனுமதியும் இடம் கொடுத்தால், கணவாயில் ஏறி மறுபுறம் கிராம்பூவுக்கு இறங்குங்கள். அங்கே வலப்புறம் பிரியும் பாதை குன்சும் கணவாய் வழியாக ஸ்பிதிக்குச் செல்வது. நீங்கள் இடப்புறம் திரும்பி, சந்திரா ஆற்றை ஒட்டிக் கோக்ஸர் வழியாகச் சுரங்கத்துக்குள் நுழைந்து மணாலிக்குத் திரும்புங்கள். ஏறியது எத்தனை மணி நேரம், அடியில் கடந்தது எத்தனை நிமிடம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கணவாய், சுரங்கம் இரண்டின் மதிப்பும் அப்போது தெரியும். ஆனால் தாயார் களைத்திருந்தால் வந்த வழியே இறங்கிவிடுங்கள்.

மதுரைவாசி எழுதியது:

ஊர் திரும்பிவிட்டோம். வழிகாட்டிய அனைவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செவ்வாயைத் தவிர்த்துப் புதன்கிழமைக்கு அனுமதி பெற்றோம். சீட்டிலிருந்த எண்ணை முதல் நாள் இரவே சரிபார்த்தேன். நாலே முக்கால் மணிக்குக் கிளம்பியதால் மர்ஹியைத் தாண்டும் வரை நெரிசல் இல்லை. பூர்ஜ மரங்களை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். மேலே பனி திட்டுத்திட்டாக இருந்தது. சில இடங்களில் சகோதரி செல்வி எழுதியதுபோலவே கறுத்திருந்தது. அதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது. பாலிதீன் பைகளும் கிடந்தன. எங்களால் முடிந்ததைப் பொறுக்கிக் காரில் வைத்துக்கொண்டோம்.

தாயார் மெதுவாக நடந்து வியாசர் கோயிலில் வணங்கினார். பிறகு வடக்கு விளிம்புக்கு அழைத்துச் சென்றேன். கேபாங் சிகரங்களில் ஒன்றை மேகம் மறைத்திருந்தது, மற்றது தெளிவாகத் தெரிந்தது. ஆசிரியை அம்மா சொன்ன நீரின் கதையை மகளுக்குச் சொன்னேன். அவள் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து இரு சரிவிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிவிட்டு, இரண்டும் எந்த மாதத்தில் சந்திக்கும் என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. ஆசிரியை அம்மா சொல்ல முடிந்தால் அவளிடம் காட்டுகிறேன்.

ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே உச்சியில் இருந்தோம். கிராம்பூ வழி திறந்திருந்ததால் மறுபுறமே இறங்கினோம். மூன்றாவது வளைவில் தாயார் வண்டியை நிறுத்தச் சொன்னார். கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துத் தந்தையார் லாரியைப் பற்றி எழுதியிருந்த இடத்தை உரக்கப் படித்தார். பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலையை ஓட்டுநர் காட்டி, லே செல்லும் வழி அதுதான் என்றார். தாயார் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது சுரங்கத்தைக் கடக்க எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மாலையில் எனக்குத்தான் தலைவலி வந்தது, தாயாருக்கு ஒன்றுமில்லை. மருத்துவர் ஐயா முன்பே சொல்லியிருந்ததால் பதறாமல் நீர் அருந்திவிட்டுப் படுத்தேன், காலையில் சரியாகிவிட்டது.